ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கீழ் வீட்டுத் தீமா, கழுத்தில் பாம்பைப் போட்டுக்கொண்டு என் பால்கனியில் உட்கார்ந்து சொன்னது. நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கேட்டேன். முடிவை மட்டும் அவள் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். "நீங்கதானேக்கா எழுத்தாளர், எழுதிக்கோங்க" என்று தேநீரைக் குடித்து முடித்து, பாம்போடு இறங்கிப் போய்விட்டாள்.

ஆக, பாம்பு பிழைத்தது என்பதை இப்போதே சொல்லிவிட்டேன். அதற்காகப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். எனக்குத் தூக்கம் போனது வேறு விஷயத்தில்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"அம்மான் நகரத்தின் மலைச்சரிவில், நவம்பர் மாதக் குளிர்காற்று" [குளிர்காற்று என்ன செய்தால் உங்களுக்கு என்ன? விட்டுவிட்டேன்.]

"கண்ணாடிப் பெட்டியின் மூடி விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. பீதியில் உறைந்த தீமா" [பொய். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பாம். கெட்டிக்காரி, தப்பித்துவிட்டாளே என்று.]

மூன்றாவது இது. தீமா தன் அறையில் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து அவள் வாப்பாவின் குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நூஹ் நபிக்கும் சுலைமான் நபிக்கும் நீங்க கொடுத்த சத்தியத்தின் பேரால சொல்றேன். எங்களுக்குத் தொந்தரவு தராம கிளம்பிடுங்க. மூணு நாள் டைம். அதுக்கப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஆரஞ்சு நிற வால் நெளிவதை அவர் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் பாம்பு தென்பட்டால் அது பாம்பு உருவில் வந்த ஜின்னாகவும் இருக்கலாம் என்பது நம்பிக்கை. எடுத்தவுடன் அடிக்கக் கூடாது, மூன்று நாள் சொல்லிப் பார்க்க வேண்டும். அபூ தீமா, அதாவது தீமாவின் வாப்பா, எதிலும் முறை தவறாத மனிதர். மாப் குச்சியைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுத்தான் ஸலாமே சொன்னார்.

அது ஜின் இல்லை, மிஷ்மிஷ். விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு. ஆப்ரிகாட் பழத்தின் நிறம், அதனால் அந்தப் பழத்தின் பெயர்.

3

இந்த இடத்தில் அப்பா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்து அறையில் இரண்டு வருஷமாகப் பாம்பு வளர்வது தெரியாத அப்பா உண்டா? பத்திரிகை ஆசிரியர் முதல் வேலையாக இதைத்தான் கேட்பார்.

தீமாவிடமே கேட்டேன்.

"அவர் என் ரூமுக்குள்ள வரவே மாட்டார்க்கா. உம்மா தவறிப்போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுன்னா ரெண்டே கேள்விதான். தண்ணி வந்துச்சா? கேஸ் வண்டி வந்துச்சா?"

"பாம்புக்குச் சாப்பாடு?"

"எலிதான். ஃப்ரீசர்ல முலூகிய்யா கீரைன்னு எழுதி வச்சிருந்தேன். அவருக்கு அந்தக் கீரை ஆகாது."

(கீரை பிடித்த அப்பாவாக இருந்திருந்தால் இது வேறு கதை. அதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை.)

சொல்லிவிட்டிருக்கலாமே என்கிறீர்களா? மாப் குச்சியோடு நிற்கும் மனிதரிடம் போய் "வாப்பா, அது என்னோடது" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

4

இரண்டாம் நாள் காலை அவர் சமையலறைக்கு ஸ்டூலைக் கொண்டுபோனார். தேநீரும் எடுத்துக்கொண்டார். தீமா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். முதல் நாள் போட்ட மரியாதையெல்லாம் போய், பேச்சு நீ, வா, போ என்று இறங்கியிருந்தது.

"இன்னும் போகலையா நீ? சரி, இரு. வெளியே குளிருதுதான்."

தேநீரை உறிஞ்சும் சத்தம்.

"என் பொண்ணுக்குத் தூரத்துல, கடலோரம் அக்கபாவுல வேலை கிடைச்சிருக்கு. கடல்ல இருக்கிற ஜீவனையெல்லாம் ஆராய்ச்சி பண்ற இடமாம். என்கிட்ட சொன்னா. நல்லதுன்னேன். உடனே தண்ணி வந்துச்சான்னு கேட்டேன். என்ன மனுஷன் நான், சொல்லு."

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"முப்பது வருஷம் அந்த அக்கபா ரோட்டுல லாரி ஓட்டினவன் நான். எந்த வளைவுல பிரேக் போடணும்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேன். ஆனா இவகிட்ட… போன்னா போயிடுவா. இருன்னா இருந்துடுவா. ஒரு வார்த்தைதான். எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது."

தீமா காதைக் கதவில் வைத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் எங்கயும் போயிடாத."

போகச் சொல்லிக் கெடு கொடுத்த மனிதர்!

மதியம் அவர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனதும் தீமா ஃபிரிட்ஜை நகர்த்தினாள். அங்கே இல்லை. அடுப்புக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்தாள். உம்மா மக்லூபா சோறு செய்யும் பெரிய பாத்திரம் அதில் கிடந்தது. ஆள் போனபின் அதை யாரும் எடுத்ததில்லை. அதற்குள் மிஷ்மிஷ் சுருண்டு படுத்திருந்தது. கையில் எடுத்தபோது அழுதேன் என்றாள். பாம்பு கிடைத்த சந்தோஷமா என்று கேட்டதற்கு, பாம்பைக் கழுத்தில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

5

இங்கேதான் அவள் நிறுத்தினாள். இனி என் பாடு.

முதல் முடிவு: அப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரியும், கதவுக்கு வெளியே நிற்கும் மகளுக்காகத்தான் பேசினார். படித்தவுடன் கண் கலங்கும். கிழித்துப் போட்டேன். தெரிந்த மனிதர் மாப் குச்சியைக் கழற்ற மாட்டார்.

இரண்டாவது: தீமா மிஷ்மிஷை மறுபடி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் விடுகிறாள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். ஆனால் மூன்றாம் நாள் அது, கெடு முடியும் நாள். சொல்லி முடித்த கையோடு அவர் குச்சியை எடுத்தால்? "தடுக்கப் பாய்ந்த தீமா" [பாய்ந்து என்ன? நிறுத்திவிட்டேன்.]

மூன்றாவது: அவளே உள்ளே போய் "சொல்லுங்க வாப்பா" என்கிறாள். அவர் திடுக்கிட்டு எழுந்து, "தண்ணி வந்துச்சாம்மா?" என்கிறார். இந்த முடிவை நினைத்துத்தான் நான் தூங்கவில்லை.

தீமா ஒன்றும் செய்யாமல் இருந்தால்? சரசரப்பு இல்லை, விருந்தாளி மரியாதையாகப் போய்விட்டார் என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அந்த வார்த்தை அவரோடேயே போய்விடும்.

தீமா இப்போது எங்கே இருக்கிறாள், என் பால்கனிக்கு வந்தது விடுமுறையிலா என்று கேட்காதீர்கள். சொன்னால் அவளுக்கு எது நடந்தது என்பது தெரிந்துவிடும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

6

மூன்றாம் நாள். அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். குச்சியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். தேநீர் எடுத்து வரவில்லை.

"இருக்கியா?" என்று கேட்டார்.

ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடி நின்றது. அவர் கொஞ்சம் முன்னால் குனிந்து, "இருந்தா ஏதாவது சத்தம் குடு. சொல்லணும்னுதான் வந்திருக்கேன்" என்றார்.

இதற்கு மேல் என்னிடம் ஒரு வரியும் இல்லை. அவர் இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்பார், பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கதவுக்கு வெளியே இப்போது நிற்பது நீங்கள். பாம்பு உங்கள் மணிக்கட்டில் சுற்றியிருக்கிறது. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.