அபெபெச்சின் அடுப்படித் தூண்

அடிஸ் அபாபாவில் எங்கள் தெருவில் ரயில் பாதை போடும் வேலையை ஆறு வெளிநாட்டுப் பொறியாளர்கள் மேற்பார்வை செய்தார்கள். அவர்களை நாங்கள் நாற்பது பேர் மேற்பார்வை செய்தோம். பிர்க்கே காப்பி விற்கும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் குழி, கம்பிக்கட்டு, கான்கிரீட் வண்டி எல்லாம் தெரியும். ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம். அது பிர்க்கேயின் தாராளம் அல்ல, எங்கள் பழக்கம்.

அதற்கு இலகு ரயில் என்று பெயர். எங்கள் தெருவில் அவர்கள் இறக்கிய எதுவும் இரண்டு டன்னுக்குக் குறையவில்லை.

தூண்களுக்குக் கம்பெனிக்காரர்கள் எண் கொடுத்திருந்தார்கள். நாங்கள், எந்த வீட்டை இடித்த இடத்தில் எந்தத் தூண் எழும்புகிறதோ அந்த வீட்டின் பெயரையே அதற்கு வைத்தோம். முடிவெட்டுக் கடைத் தூண், மூன்று சகோதரிகள் தூண், அபெபெச்சின் அடுப்படித் தூண். அபெபெச்சுக்கு ஊருக்கு வெளியே நான்காவது மாடியில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை போன் செய்து, "என் அடுப்படி எவ்வளவு ஒசரம் ஆச்சு?" என்று கேட்பாள்.

எங்கள் மேற்பார்வையாளர்களுக்குத் தலைவர் கஷே டெமிசெவ். வயதில் மூத்த ஆண்களை எல்லாம் நாங்கள் கஷே என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். கட்டுமானம் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதால் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. தினமும் குழிக்குள் இறங்கிப் போவார், சாரத்தைக் கையால் ஆட்டிப் பார்ப்பார், தலைமைப் பொறியாளரிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறி வருவார். அவர் காட்டாத நாளில் பொறியாளரின் முகம் வாடியதை நானே பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அபெபெச்சின் தூணைப் பார்க்க இறங்கினார். அது அப்போது தூணாகவில்லை. கம்பிக் கூடும் அதைச் சுற்றி இரும்புப் பலகைகளும்தான். ஆலங்கட்டி மழை கொட்டியது. எல்லோரும் கூரைக்கு ஓடினோம். கால் மணி நேரத்தில் நின்றபோது குழி முழுக்க வெள்ளையாக இருந்தது. கஷே டெமிசெவ் இல்லை.

பொறியாளரே கூட்டுக்குள் விளக்கடித்துக் காட்டினார். தண்ணீரும் ஆலங்கட்டியும் மட்டும் கிடந்தன. போலீஸ்காரர் வந்து, சொந்தக் கிராமத்துக்குப் போயிருப்பார் என்று எழுதிக்கொண்டார். அவருக்குக் கிராமமே கிடையாது, அடிஸ் அபாபாவிலேயே பிறந்தவர் என்றோம். அதையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் கான்கிரீட் ஊற்றினார்கள். அன்று பிர்க்கேயிடம் யாரும் காப்பி கேட்கவில்லை.

டெமிசெவின் மனைவி யெஷிமெபெட், எங்களுக்கு எத்தியே, அதாவது அக்கா, வாசல் கதவைச் சாத்தாமல் காத்திருந்தார். ஒரு மாதம் கழித்து, காத்திருப்பது போதும், அழ வேண்டும் என்றார். எங்கள் தெருவில் அது தனியாகச் செய்கிற காரியம் அல்ல. சாவுச் சங்கம், அதாவது இத்திர், கூடாரம் போட வேண்டும். பெஞ்சு வர வேண்டும். மூன்று நாள் ஊரே வந்து கூட உட்கார வேண்டும். கூடாரம் இல்லாமல் அழுதால் அது வெறும் சத்தம்.

உடல் கிடைக்காதவர்களுக்கும் இத்திரில் வழி இருந்தது. தகவல் சொல்லாமல் அடுத்தடுத்து மூன்று சாவுக்கு வராத உறுப்பினரைப் போய்விட்டவராகக் கருதி, வீட்டார் கேட்டால் கூடாரம் தரலாம். எத்தியே மூன்று சாவுக்காகக் காத்திருந்தார். சாவுகள் வந்தன, கணவர் வராமல் போவதுதான் நடக்கவே மாட்டேன் என்றது.

சாவு வீட்டுக்குப் புறப்படும் முன், இத்திர் கொட்டகைக்கு முன்னால் பெயர் கூப்பிடுவது வழக்கம். கூப்பிட்டவுடன் 'அபெத்' என்று குரல் கொடுக்க வேண்டும், கொடுக்காதவருக்கு அபராதம். கொட்டகைக்கு இருபது அடி தள்ளி அபெபெச்சின் தூண் நிற்கிறது. தையல்காரர் இறந்த அன்று, செயலாளர் அத்தோ லிசானவொர்க் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கண்ணில் புரை. நோட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்.

"டெமிசெவ்!"

"அபெத்," என்றது தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல். அதைத் தொடர்ந்து ஓர் இருமல். முப்பது வருடம் பஸ் புகை குடித்த இருமல்.

அத்தோ லிசானவொர்க் டிக் போட்டார். அடுத்தது என் பெயர். அப்பா ஜிபூட்டி சாலையில் லாரி ஓட்டிக்கொண்டே இருப்பதால் எங்கள் வீட்டுக்கு என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அபெத் வரக் கொஞ்சம் நேரமானது.

தூணைச் சுற்றிப் பார்த்தோம். ஈரச் சிமெண்டு வாடை மட்டும் அடித்தது. இரண்டாவது சாவிலும் அப்படியே. மூன்றாவது சாவுக்குப் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். இறந்தவர் உயிரோடு இருந்தபோது அவருக்கு இத்தனை நண்பர்கள் இருந்ததில்லை.

அன்றும் அபெத் வந்தது, இருமலும் வந்தது. எத்தியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு செயலாளருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கஷே, எனக்குக் கூடாரம் குடுங்க."

"எப்படிம்மா குடுக்கறது? மூணு தடவையும் வந்திருக்காரு. நோட்டுல இருக்கு."

"நோட்டுல இருக்காரு. வீட்டுல இல்லையே."

"கூப்பிட்டா குரல் குடுக்கணும்னுதான் விதி. உருவத்தைப் பத்தி விதியில ஒண்ணுமில்ல."

"அந்த விதிய எழுதுனது யாரு?"

"நான்தான்."

"கண்ணு தெரியாம போனதுக்கு அப்புறமா, முன்னயா?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அந்த இடத்தில் இருமியது தப்பு என்று அவர்களுக்கே தெரிந்தது.

"குரலு அவரோடதுதான்," என்றார் எத்தியே. "நான் இல்லைங்கல. ஆனா பொணம் தூக்கத் தோள் குடுக்கச் சொல்லுங்களேன் பாப்போம்."

"தோள் குடுக்கறது வேற பட்டியல்மா."

எத்தியே கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரனாக இருப்பதில் இப்படி ஒரு சிரமம்.

"டேய் கிருபெல், இங்க வா. வாயத் தொறந்தேன்னா பல்லைப் பேத்துருவேன்."

வந்தேன். தன் உள்ளங்கையால் என் வாயை அழுத்தி மூடினார். பூண்டும் மிளகாய்ப் பொடியும் மணத்தன.

"இப்போ இவனைக் கூப்பிடுங்க, கஷே."

"அவன் பேரு முடிஞ்சு போச்சே."

"மறுபடி கூப்பிடுங்க!"

"கிருபெல்!" என்றார் செயலாளர், சலிப்போடு.

"அபெத்."

என் குரல். காலையில் எழுப்பினால் கழுதை மாதிரி பதில் சொல்கிறாய் என்று அம்மா திட்டுவாளே, அதே இழுப்பு. தூண் பக்கத்திலிருந்து வந்தது. எத்தியேயின் கைக்குள் என் உதடு அசையவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கை மெல்லச் சில்லிட்டது.

அத்தோ லிசானவொர்க் பழக்கத்தில் டிக் போடப் போனவர், நின்றார். எங்கள் நினைவில் முதல் தடவையாக நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"டேய், நீ எங்கடா இருக்க?"

"ம்ம்," என்றேன் கைக்குள்ளிருந்து.

"இங்கதான் இருக்கான்," என்றார் எத்தியே. "அங்கயும் வந்திருக்கான். உங்க நோட்டுல எத்தனை பேருன்னு எழுதுவீங்க?"

செயலாளர் தூணைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர் எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு டெமிசெவ் பெயருக்கு நேரே இருந்த மூன்று டிக்குகளையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார், ஒவ்வொன்றாக. "வியாழக்கிழமை கூடாரம்," என்றார். "பெஞ்சு நாப்பது." என்னைப் பற்றி அவர் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

வியாழக்கிழமை கூடாரம் போட்டார்கள். எத்தியேயின் வீட்டு முன்னால் இடமில்லை, ரயில் எடுத்துக்கொண்டது. அதனால் கொட்டகைக்கு முன்னாலேயே போட்டார்கள். அபெபெச் நான்காவது மாடியிலிருந்து இரண்டு மினிபஸ் மாறி வந்து, தன் அடுப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கிரேனை நிறுத்தச் சொன்னார். ஆறு மாதத்தில் எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

எத்தியே கறுப்புத் துணியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் அழவில்லை.

செயலாளர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். இப்போது புது விதி: குரல் கொடுத்தால் போதாது, கையையும் தூக்க வேண்டும். முடிவெட்டுக் கடைக்காரர் கை தூக்கினார். மூன்று சகோதரிகளில் மூத்தவள் கை தூக்கினாள். டெமிசெவ் பெயர் இருந்த வரிக்கு வந்ததும் அத்தோ லிசானவொர்க் நிறுத்தினார். அந்தப் பெயரைக் கூப்பிடவில்லை. ஆனால் ஓர் அபெத்துக்கும் ஓர் இருமலுக்கும் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். நாங்கள் நாற்பது பேரும் காத்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

அப்போது எத்தியே அழுதார். வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி. பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கூடாரம் கூடாரமானது. அவர் கேட்டது அதைத்தான், அது கிடைத்தது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் செயலாளர் விரலை அடுத்த வரிக்கு இறக்கினார்.

"கிருபெல்!"

கையைத் தூக்கினேன். வாயைத் திறக்கவில்லை. தூணா நானா, யார் முதலில் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று காத்திருந்தேன்.