செங்கோடனுக்கு இரண்டு லோடு

பசுமைக்குடிலில் வெள்ளரி இலைகள் வெளுத்துக்கொண்டிருந்தன. யாகப்பனுக்கு அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், பக்கத்துக் குடிலில் செங்கோடனின் கொடி தளதளவென்று நின்றதுதான். அதே விதை, அதே செம்மண். முன்பெல்லாம் ராசிபுரம் வியாபாரி யாகப்பன் வாசலில்தான் முதலில் வண்டியை நிறுத்துவார். இப்போது ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறார்.

செங்கோடன் வாசலில் நாமக்கல் கோழி எரு லாரி நின்றால் யாகப்பனுக்குச் சோறு இறங்காது. அவன் ஒரு லோடு இறக்கினால் இவர் தன் குடிலுக்குள் இரண்டு இறக்குவார். போதாததற்கு டிஏபி உர மூட்டை வேறு. மூன்று வருடம் இப்படியே ஓடியது. "மண்ணு எத்தனைதான் தாங்குமுங்க?" என்று மனைவி வினோலியா கேட்டதற்கு, மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இந்தப் பட்டத்தில் பிஞ்சும் உதிர்ந்தது. அடுத்ததும் போனால் குடிலைப் பிரிக்க வேண்டியதுதான். செங்கோடன் கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு யாகப்பன் வேலியைத் தாண்டினார். அவன் குடிலில் மண்ணை அள்ளினார். தன் மண் ஒரு பை, அவன் மண் ஒரு பை. இரண்டிலும் தன் பெயரையே எழுதி மண் ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தார். அப்படி என்னதான் போடுகிறான் என்று தெரிந்துவிடுமே.

முதல் பையில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், தேவைக்கு மேல் எட்டு மடங்கு குவிந்திருப்பதாக அலுவலர் நர்மதா சொன்னார். கோழி எருவும் டிஏபியும் செய்த வேலை. அது மிஞ்சினால் வேருக்குத் துத்தநாகம் எட்டாது, இலை வெளுக்கும். இரண்டு வருடம் எருவே வேண்டாம். இரண்டாவது பையில், செங்கோடன் மண்ணில், எல்லாம் அளவாக இருந்தது.

"ரெண்டாவது குடில்ல செய்யற மாதிரியே முதல்லயும் செய்யுங்க, சரியாயிரும்" என்றார் நர்மதா. யாகப்பன் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது செங்கோடன் வாசலில் லாரி. அத்தனை எருவும் எங்கே போகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டார்.

"அவரு மக்காச்சோளக் காட்டுக்குங்க. குடிலுக்குள்ள வருசத்துக்குப் பத்துக் கூடைதான். யாகப்பண்ணன் அளவுக்கு நம்மால போட முடியுமான்னு உங்களப் பாத்துத்தான் பெருமூச்சு விடுவாருங்க. உங்க ரெண்டு லோடும் பின்னால வருது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வேலிக்கு அப்பால் செங்கோடன் கொடியின் கரும்பச்சை கண்ணில் பட்டது.

"அந்த ரெண்டையும் செங்கோடனுக்கே இறக்கிருங்க. குடிலுக்குள்ள போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

செய்தி கேட்ட செங்கோடன் வேலியோரம் ஓடிவந்து, நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டான். யாகப்பன் பரிசோதனைக் காகிதத்தை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு, பதிலுக்குக் கும்பிட்டார்.