கப்பலில் நின்றுபோன வெள்ளையம்மா

1942ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. சில நாட்களுக்குள் சனம் வெளியேறி, நகரின் கொட்டாஞ்சேனைப் பகுதியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த றேமண்டால் எங்கும் போக முடியவில்லை. கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவர் நெடுங்காலமாக எழுதிவந்த வாரப் பத்திரிகை, காகிதம் கிடைக்காமல் நின்றுபோனது. அதோடு அவருடைய தொடர்கதையும் நின்றது. காணாமற்போன புருஷனைத் தேடித் தூத்துக்குடியில் கப்பல் ஏறிய வெள்ளையம்மா, நடுக்கடலில் புயலில் அகப்பட்டிருந்தாள்.

றேமண்டுக்கு அது பெரிய துக்கமாகப் படவில்லை. இத்தனை வருடத்தில் தன் கதையை வாசித்த ஒரு முகத்தையும் அவர் கண்டதில்லை. மனைவி புளோறன்ஸ் வாசிப்பாள், "நல்லாயிருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தபோது, குசினித் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் புடவைக்கடைக்காரர் ஸவாஹிரின் மனைவி றஸ்மியா. பின்கதவால் வந்து புளோறன்ஸோடு சேர்ந்து சமைப்பது அவளுக்குப் பழக்கம்; ஆனால் றேமண்டின் முன்னால் வரமாட்டாள்.

"றேமண்ட் நானா, அந்தப் புள்ள இன்னம் கப்பல்லதானே ஈக்கிது?"

"எந்தப் பிள்ளை?"

"வெள்ளையம்மா!"

புளோறன்ஸ் கிழமைதோறும் கதையைச் சத்தமாக வாசித்ததும், றஸ்மியா கேட்டுவந்ததும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேப்பர் நிண்டு போச்சே, தங்கச்சி."

"பேப்பர் நிண்டா என்த? நீங்க நிக்கல்லயே. சொல்லுங்கொ."

றேமண்ட் சிரித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். புயல், கிழிந்த மேகம், அதற்குள்ளே நிலவு என்று தமக்குப் பிடித்த வர்ணனைகளை அடுக்கினார். அப்பால் தேங்காய் திருவும் சத்தம் தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "கப்பல்காரன் அவளைக் கீழ்த்தட்டிலை வைச்சுப் பூட்டினான்" என்றதும் அந்தச் சத்தம் நின்றது. றேமண்ட் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கதை நடந்தது. நிலவு வர்ணனை ஒரு வரியாகச் சுருங்கியது. "அவள் ஏனப்பா அழுதுகொண்டே இருக்கிறாள்? பூட்டை உடைக்கச் சொல்லுங்கோவன்" என்று புளோறன்ஸ் ஏசினாள். வெள்ளையம்மா பூட்டை உடைத்தாள்.

ஒருநாள் ஸவாஹிர் தெருவில் றேமண்டை மறித்தார்.

"நானா, குண்டு வருதுண்டு சங்கு ஊதினா இவ கட்டிலுக்குக் கீழ பூந்துடுவா. பேருவளைக்கு உம்மா ஊட்டுக்கு அனுப்பத்தான் ஈந்த. இப்ப போக மாட்டேங்கிறா."

"ஏனாம்?"

"கத முடியல்லயாம்!"

அடுத்த ஞாயிறு றேமண்ட் அவளிடமே கேட்டார். "இப்ப பயமில்லையோ, தங்கச்சி?"

"பயம் ஈக்கிது நானா. ஆனா வெள்ளையம்மா அந்த இருட்டில தனியா ஈந்தாதானே? எனக்குப் பக்கத்தில நீங்க ரெண்டு பேரும் ஈக்கீங்களே."

றேமண்ட் அன்று கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

மறுவருடம் பத்திரிகை திரும்பவும் வரத் தொடங்கியது. ஆசிரியர் அத்தியாயங்களைக் கேட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் றேமண்ட் திகைத்தார். வாயால் சொன்னதெல்லாம் வாயோடு போயிருந்தது. வெட்கத்தோடு திரைச்சீலைப் பக்கம் திரும்பி உதவி கேட்டார். றஸ்மியா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவள் விட்ட இடங்களைப் புளோறன்ஸ் எடுத்துக் கொடுத்தாள்.

"பூட்ட உடச்சிட்டு, கூட அடஞ்சி ஈந்த மத்தப் பொம்பளையளயும் கூட்டிக்கொண்டு மேல வந்தா."

றேமண்டின் பேனா நின்றது. "மற்றப் பொம்பிளையளோ? நான் அப்பிடிச் சொல்லேல்லையே?"

"சொல்லல்லயா?" றஸ்மியா பதறினாள். "அப்ப நான்தான் சேத்திருப்பன். உம்மா வந்தப்ப அவக்குக் கத சொன்னன். ஒருத்தி மட்டும் தப்பி வாறது சரியில்லண்டு தோணிச்சி. வெட்டுங்கொ நானா."

றேமண்ட் வெட்டவில்லை. அப்படியே எழுதினார்.

அந்த அத்தியாயம் வந்த கிழமை புளோறன்ஸ் வழக்கம்போலக் குசினியில் உரக்க வாசித்தாள். பெண்கள் மேல்தட்டுக்கு ஏறிவரும் இடத்தில், "இது உன்ர இடமடி" என்றாள். றஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது முன்னறைக்குக் கேட்டது.

"அடுத்த கிழம என்த நடக்கும் நானா?" என்றாள் றஸ்மியா.

"எனக்கும் தெரியாது" என்ற றேமண்ட், கதிரையைத் திரைச்சீலைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "நீங்கள் ரெண்டு பேரும் என்ன நினைக்கிறியள்?"