சூளைக்குக் காவல் வைத்த கேம் பெட்டி

பழமலையின் முன்பல் இரண்டு தெறித்து விழுந்த பிறகும் தர்மராஜுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முகம் வெந்துபோன தங்கச்சி பிரபாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அரை மணி நேரம் ஆகிறது. இடது கண் தேறுமா என்று யாருக்கும் தெரியாது. கூடப் போக வேண்டிய அண்ணனோ, ஆபீஸ் கதவை உடைத்து முதலாளியின் மச்சான் பழமலையை வெளியே இழுத்துப்போட்டு, இரும்புக் கம்பியால் விளாசிக்கொண்டிருந்தான்.

கேஸில் எரியும் சூளையின் சூட்டைக் கவனித்துவந்த கம்ப்யூட்டர் ஆறு மாதம் முன்பே செத்துப்போனது. புதிது வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. தர்மராஜ்தான் சேத்தியாத்தோப்பில் ஒருவன் தள்ளிவிட்ட பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கிவந்து, கம்பெனி போட்டிருந்த சாஃப்ட்வேர் பூட்டை உடைத்து, லினக்ஸை ஏற்றிச் சூளைக்குக் காவல் வைத்தான். சூடு அளவு தாண்டினால் தொழிற்பேட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். ஒரே குறை, கரண்டு போய் வந்தால் பழையபடி கேம் பெட்டியாகத்தான் விழிக்கும். பென்டிரைவைச் செருகி லினக்ஸை மறுபடி எழுப்பும் வித்தை அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். யாருக்கும் சொல்லித்தரவில்லை. முதலாளி வாய் நிறைய 'இன்ஜினியரு' என்று கூப்பிட்டதில் தலைகால் புரியாமல் திரிந்தான்.

இன்று மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது கரண்டு போய் வந்தது. அப்டேட் செய்யட்டுமா என்று பெட்டி கேட்க, கிரிக்கெட் ஆடும் ஆசையில் பழமலை சரி என்று அமுக்கிவிட்டான். அதோடு தர்மராஜ் உடைத்து வைத்திருந்த வழி அடைபட்டுப்போனது. திரும்பி வந்தவன் பென்டிரைவைச் செருகிச் செருகிப் பார்த்தான். லினக்ஸ் வரவே இல்லை. அவன் திரையோடு மல்லுக்கட்டிய இருபது நிமிஷமும் சூளை எரிந்துகொண்டே இருந்தது. சூடு எவ்வளவு என்று பார்க்க, அங்கேயே வேலை பார்த்த பிரபா சூளைத் துளையருகே குனிந்தாள். தீ பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது.

"அமுக்குனவன் கைய ஒடைக்காம வுட மாட்டேன்" என்று தர்மராஜ் கம்பியை மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பழமலை ரத்தத்தைத் துப்பினான். "நான் ஒரு பட்டன அமுக்குனேன். கேஸ நிறுத்திடட்டுமாண்ணான்னு அந்தப் பொண்ணு மூணு தடவ கேட்டுச்சு. ரெண்டு நிமிஷம், வாய மூடுன்னது யாருடா?"

சுற்றி நின்றவர்கள் தலைகுனிந்தார்கள். அவர்கள் காதிலும் அது விழுந்துதான் இருந்தது. பழமலை சொன்னது பொய்யாக இருந்திருந்தால் தர்மராஜ் அத்தோடு விட்டிருப்பான். உண்மையாகப் போனதால் அந்த வாயிலேயே இன்னொரு அடி போட்டான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. பிரபாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அமிர்தம் பேசினாள்.

"கண்ணு போயிடுச்சுப்பா தர்மா. அண்ணன யாரும் திட்டாதீங்கன்னு சொல்லிகிட்டே இருக்குது."

பிரபா நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கம்பியைக் கீழே போட நினைத்தான், விரல் விரியவில்லை.