மூன்றாவது மழைச் சவாரி

அந்தக் குளிர்நாட்டு ஊரின் சைக்கிள் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. குளிர்காலம் முடிவதற்குள் மூன்று மழைச் சவாரி முடித்தவர்களுக்குத்தான் வசந்தத்தில் போகும் மூன்று நாள் நெடும்பயணத்தில் இடம். மழைச் சவாரி என்றால் அறுபது கிலோமீட்டர். கிளம்பும்போது மழை பெய்துகொண்டிருக்க வேண்டும். நடுவில் டீ குடிக்க ஒரே ஒரு முறை நிற்கலாம். பாதியில் விட்டால் பட்டியலில் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு, அந்தச் சவாரி கணக்கில் சேராது. இந்த விதியை யார் போட்டாரோ தெரியாது, நல்ல மனநிலையில் போட்டிருக்க மாட்டார்.

எக்ஸ்ரே அக்கா இரண்டு முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் என்பதால் கூட்டத்தில் அந்தப் பெயர். வயது நாற்பத்தாறு. ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயரைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நிற்பவள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை உதறிவிட்டு மழையில் போய் நிற்கிறாள் என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கணவரின் மூத்த தாரத்து மகள்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. இந்த வருடம் சைக்கிள் கூட்டத்தின் செயலாளர் அவள்தான். பட்டியலும் சிவப்புக் கோடும் அவள் கையில். நம் அக்கா அந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அந்தப் பெண் ஒரு சொல் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலையே! "ஆன்ட்டி, அந்தத் தட்டைக் கொஞ்சம் எடுக்கறீங்களா? தேங்க்ஸ் ஆன்ட்டி. சாரி, உங்களுக்குத் தொந்தரவு." பாங்க் கவுன்ட்டரில் நிற்பவள்கூட இதைவிட உரிமையோடு பேசுவாள்.

அப்பாவிடம் மட்டும் வேறு கதை. அவர் லிப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கற லிப்ட் எல்லாம் ஏறி இறங்குது, நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு மட்டும் ஆறு மாசமா சாத்த மாட்டேங்குது. வெக்கமா இல்ல உனக்கு?" என்று கூடத்தில் அவள் கத்துவதும், அவர் பதிலுக்குக் கத்துவதும் தினப்படி நடக்கிற காரியம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா அதைக் கேட்பாள். பொறாமையாக இருக்கும். உள்ளதைச் சொல்வதற்கென்ன, ரொம்பவே பொறாமையாக இருக்கும்.

நெடும்பயணத்தில் ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒரே வீட்டுக்காரர்களை ஒரே அறையில் போடுவது வழக்கம். ஈர சாக்ஸும் வலிக்கும் தொடையுமாக மூன்று நாள் ஒரே அறையில் கிடந்தால் எப்பேர்ப்பட்ட மரியாதையும் கழன்று விழுந்துவிடும் என்பது அக்காவின் கணக்கு. வசந்தம் முடிந்ததும் அந்தப் பெண் வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறாள். அதற்குள் நடந்தால் உண்டு.

இரண்டாவது சவாரியில் ஒன்று நடந்தது. லிப்ட் மெக்கானிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இறங்கிவிட்டார். மகள் அங்கேயே போனை எடுத்துச் சிவப்புக் கோடு போட்டாள்.

"ரெண்டு கிலோமீட்டர்தானேடி!"

"அறுபதுன்னா அறுபது. ஐம்பத்தெட்டு இல்ல."

அதே பெண் அக்காவின் பக்கம் திரும்பிக் குரலை மெதுவாக்கினாள். "ஆன்ட்டி, உங்களுக்கு முடியலேன்னா நீங்களும் இறங்கிக்கங்க. முடிச்சதா எழுதிக்கறேன். உங்களுக்குப் பரவாயில்ல."

உங்களுக்குப் பரவாயில்லையாம். விருந்தாளியை விளையாட்டில் ஜெயிக்க விடுவார்களே, அது மாதிரி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச இரண்டையும் மிதித்து முடித்தாள்.

மூன்றாவது சவாரி நாளன்று விடிவதற்கு முன்பே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு மணி நேரம் உடுத்தினாள். உள்ளே மெல்லிய கம்பளி பனியன். நெஞ்சில் காற்று அடிக்காமல் இருக்க மடித்த செய்தித்தாள். அதற்கு மேல் முழுக்கை, அதற்கும் மேல் மழைக்கோட்டு. கம்பளிக் கையுறையின் மேல் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை. ஹெல்மெட்டுக்குள் குளிக்கும்போது போடும் தொப்பி. கண்ணாடியில் பார்த்தால் ஆளா மூட்டையா என்று தெரியவில்லை, ஆனால் கதகதப்பான மூட்டை.

கடைசியாக ஷூவின் மேல் போடும் ரப்பர் உறை, கெண்டைக்கால் பாதிவரை வருவது, புத்தம் புதியது. அங்கேதான் தவறு நடந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது ஷூ உறையை எப்போதும் பேன்ட்டின் மேலேதான் மாட்ட வேண்டும். கால் தூசி வெளியே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். இருபது வருடப் பழக்கம். அக்கா பேன்ட்டின் நுனியை ஒழுங்காக உறைக்குள் திணித்து, மேலே பட்டையை இறுக்கி, திருப்தியோடு எழுந்தாள்.

கூரையில் ஓடு அடுக்குகிறவன் மேல் ஓட்டைக் கீழ் ஓட்டுக்கு அடியில் செருகினால் வீடு என்ன ஆகும்? அதே கதிதான்.

கெண்டைக்கால் இன்னும் சரியாகாத லிப்ட் மெக்கானிக் வீட்டிலேயே இருக்க, நான்கு பேர் கிளம்பினார்கள். முன்னால் தபால்காரர். மழை நாளில் மட்கார்டு இல்லாத சைக்கிள் வரிசையில் கடைசி என்பது அங்கே எழுதாத சட்டம். பின்னால் வருபவர் முகத்தில் சேற்றை அடிக்கக் கூடாதல்லவா? மட்கார்டு வைத்தால் வண்டியின் அழகு போய்விடும் என்று சாதிக்கும் பல் டாக்டர் அதனால் கடைசியில். நடுவில் அக்கா. அவளுக்குப் பின்னால் செயலாளர்.

இருபது கிலோமீட்டர் வரை சொர்க்கம். தலை காய்ந்திருந்தது, நெஞ்சு காய்ந்திருந்தது. ரப்பர் கையுறையைப் பார்த்துத் தபால்காரர், "என்னக்கா, வழியில ஏதாவது பாத்திரம் கழுவணுமா?" என்று கேலி செய்தார். அக்காவும் சிரித்தாள். முப்பதாவது கிலோமீட்டரில் டீக்கு நின்றபோது பாதத்தில் லேசாக ஈரம் தெரிந்தது. நாற்பதில் ஷூவுக்குள் ஏதோ களக் களக் என்றது. தொடையில் விழுந்த மழை பேன்ட் வழியாக இறங்கி, நேராக உறைக்குள் போய், வெளியேற வழியில்லாமல் குடியிருந்தது. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர், உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடுமா?

நாற்பத்தைந்தில் விரல்கள் வலித்தன. நாற்பத்தெட்டில் வலி நின்றுவிட்டது. வலி நின்றால் நல்லதுக்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இன்னும் பன்னிரண்டே கிலோமீட்டர்.

"ஆன்ட்டி, எல்லாம் ஓகேவா?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"சூப்பரா இருக்கேன்!"

ஐம்பதாவது கிலோமீட்டரில் ஒரு சிக்னல். எல்லோரும் நின்றார்கள். அக்காவும் பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினாள். ஊன்றியதாகத்தான் நினைத்தாள். கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று காலுக்கே தெரியவில்லை. சைக்கிளோடு சேர்ந்து மெதுவாக, யாருக்கும் பிடிக்க அவகாசம் இருந்தும் யாரும் பிடிக்கத் தோன்றாத அளவுக்கு நிதானமாக, நடைபாதை ஓரப் புல்லில் சாய்ந்தாள்.

"ஒண்ணுமில்ல, வழுக்கிடுச்சு," என்று எழப் பார்த்தாள். எழ முடியவில்லை.

செயலாளர் தன் சைக்கிளைப் பல் டாக்டர் மேல் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். காலைப் பிடித்தாள். "இது தெரியுதா?" "ம்." "எந்த விரலைப் பிடிச்சிருக்கேன்?" அக்கா யோசித்தாள். அந்த யோசனையே போதுமானதாக இருந்தது. உறையின் பட்டையை இழுத்து, காலைத் தூக்கிச் சாய்த்தாள் அந்தப் பெண். அரைச் செம்புத் தண்ணீர் கொட்டியது.

கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்தாள். பிறகு வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஏன் சொல்லல? வாய் இல்ல? பத்து நிமிஷம் முன்னாடி கேட்டேன், சூப்பரா இருக்கேனாம், சூப்பரா! விரல் செத்துப் போனா என்ன பண்ணுவீங்க? நீங்களே எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்குவீங்களா? யாராவது பேன்ட்டை உள்ள விட்டு இதை மாட்டுவாங்களா? பேன்ட் மேல வரணும், மேல! சின்னக் குழந்தைக்குத் தெரியும்!"

சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. கார்களில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். பல் டாக்டர் இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

எதிரே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று திறந்திருந்தது. அந்தப் பெண் அக்காவைத் தோளில் தாங்கி அங்கே கொண்டுபோய், சுழன்றுகொண்டிருந்த உலர்த்தும் இயந்திரத்தின் அருகே உட்கார வைத்தாள். ஈர சாக்ஸை உருவினாள். தன் மழைக்கோட்டைத் திறந்து, வெள்ளையாய்ப் போயிருந்த இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். வைத்த வேகத்தில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"தேய்க்கக் கூடாது, இப்படித்தான் சூடு ஏத்தணும். அசையாதீங்க. அய்யோ, ஐஸ் மாதிரி இருக்கு. உங்களை நம்பி எப்படித்தான் ஆஸ்பத்திரியில வேலை குடுத்தாங்களோ!"

அக்கா வாயே திறக்கவில்லை. திறந்தால் அழுகை வரும், அழுதால் திட்டு நின்றுவிடும். நிற்க வேண்டாம் என்று இருந்தது. கால் மணி நேரத்தில் விரல்கள் எரியத் தொடங்கின, உயிர் வந்துவிட்டது.

"இன்னும் பத்துதானே, ஓட்டிடறேன்," என்றாள் தைரியமாக.

"ஓட்டுவீங்க, ஓட்டுவீங்க. பேசாம உக்காருங்க. அப்பாவை வேன் எடுத்துட்டு வரச் சொல்லியாச்சு."

சொன்னவள் போனைத் துடைத்துப் பட்டியலைத் திறந்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள். பல் டாக்டர் மனமிரங்கி, "பாவம்மா, ஐம்பது வந்துட்டாங்களே. முடிச்சதா எழுதிக்கோயேன்," என்றார்.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளுங்கன்னா விட்டுடுவேன்னு நெனச்சீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு விரலால் ஒரே இழுப்பு இழுத்தாள். அக்காவின் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு விழுந்தது.

லிப்ட் மெக்கானிக் பதறியடித்து வேனோடு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் மிச்சத்தை ஓட்டக் கிளம்பினார்கள். வண்டி நகரும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அடுத்த ஞாயிறுதான் கடைசி. மழை வந்தா காலையில ஆறு மணிக்கு என் ரூமுக்கு வாங்க, நானே மாட்டி விடறேன். நீங்களா ஒண்ணும் மாட்ட வேணாம். உங்களுக்கு அந்த அளவுக்கு அறிவு பத்தாது!"

தேங்க்ஸ் இல்லை, சாரி இல்லை. மழைக்குள் குனிந்து மிதித்துப் போய்விட்டாள்.

கணவருக்கு மனம் தாளவில்லை. "என்ன பேச்சு பேசறா பாரு. அம்பது கிலோமீட்டர் ஓட்டினவளுக்குக் கோடு வேற போட்டிருக்கா. நீ கவலைப்படாத, வீட்டுக்கு வரட்டும், நான் கண்டிக்கறேன். அந்தக் கோட்டை அழிக்கச் சொல்றேன்."

"சும்மா இருங்க," என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உங்களுக்குப் போட்ட கோட்டை எனக்கும் போட்டிருக்கா. நீங்க வாயைத் திறந்து கெடுத்துடாதீங்க."