தங்கமணியின் காது

தீனதயாளனின் லாரி மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து வளைவு வளைவாக இறங்கும்போது, தியாகதுருகம் கோட்டை மேல் இருக்கும் குரங்குகள் காதைப் பொத்திக்கொள்ளும். இரண்டு குரங்குகள் அந்தச் சத்தம் பொறுக்காமல் சின்னசேலத்துக்கு நடந்துபோய் சேலம் ரயிலில் ஏறிவிட்டன. டிக்கெட் எடுத்தனவா என்பதில் மட்டும்தான் ஊரில் இரண்டு கருத்து.

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவர் தீனதயாளன். குரங்குக்கு இருந்த புத்தி அவருக்கு இல்லாமல் போயிற்று. காது போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசு போனது. பிறகு கோயில் மணி. அதற்கப்புறம் மாமியார் குரல் போனது. அதுவரைக்கும் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் இடியும் போய்விட்டது. பக்கத்துத் தென்னையில் இடி விழுந்து மரம் பந்தமாக எரிந்தபோது, கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து, "இன்னா தங்கமணி, அதுக்குள்ள விடிஞ்சிடுச்சா?" என்று பெண்சாதியைக் கேட்டவர் அவர்.

ஊருக்கு இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனி வேலை. எதிரே இருப்பவர் பேசாதபடி தானே பேசிக்கொண்டிருப்பார். பேசியே தீருவேன் என்கிறவரிடம் கடைசியில், "அத வுடு" என்பார். எந்தக் கேள்விக்கும் அது பொருந்தும். ஒரு தடவை சந்தையில் தரகர் ஏதோ கேட்க, இவர் தலையை ஆட்டி வைத்து, மூன்று கிடாவோடு வீடு வந்தார். வாங்கத்தான் போனேன் என்று சாதித்தார்.

தங்கமணிக்கு மட்டும் தெரியும். முகத்துக்கு நேரே நின்று வாயை அகலமாகத் திறந்து பேசுவாள், அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நமக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம் அது நடந்தது. சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு கொட்டுகிற தொட்டிக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். கிளீனர் பழனி பின்னால் நின்று லாரிப் பலகையைத் தட்டுவான். விட்டு விட்டுத் தட்டினால் வரலாம், விடாமல் தட்டினால் நிறுத்து. பத்து வருடத்துக்கு மேல் இப்படித்தான். அன்று வண்டி நிற்கவில்லை. வண்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் பழனி இருந்தான். பிறகு நடு என்று ஒன்று இல்லை.

"எஞ்சின் தானா எகிறிடுச்சுங்க. நான் கால வெக்கவே இல்ல" என்று தீனதயாளன் ஸ்டேஷனில் சொன்னார். அதை எழுதிக்கொண்டார்கள். ஜாமீனில் வெளியே வந்தார். போலீஸ் சோதனை முடிந்து லாரி வீட்டுக்கு வந்த அன்றே எஞ்சினைக் கழற்றி இறக்கினார். எது எகிறியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கோர்ட்டுக்கு அது தேவையா என்று அவர் யோசிக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது.

எஞ்சின் மாட்டுக் கொட்டகைக்குள் போயிற்று, மாடு வேப்பமரத்தடிக்கு வந்தது. மாடு மூன்று நாள் மடியைத் தொட விடவில்லை. நான்காம் நாள் கறந்த பாலில் டீசல் வாடை அடித்தது. அதில் டீ போட்டுக் குடித்த பால்காரர் அன்றைக்குக் கள்ளக்குறிச்சி வரைக்கும் மிதிவண்டியில் பஸ்ஸை முந்திக்கொண்டே போனார்.

மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை. மெக்கானிக் வந்தால் பேசுவான். பேசினால் கேட்க வேண்டும். மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினார், ஆறு பிஸ்டனையும் உருவினார், பொங்கல் அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொன்றையும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினார். பழைய ரிங்குகள் ஆணியில் வளையல் மாதிரி தொங்கின. பிஸ்டன் ஓடுகிற புது லைனர், புது ரிங், கிராங்க் தண்டைத் தாங்குகிற புது பேரிங். எல்லாம் போட்டு மூடி, டிரம்மில் தண்ணீர் வைத்து, கேனில் டீசல் வைத்து, பாட்டரியைத் தொட்டதும் எஞ்சின் கரும்புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது.

ஓடுகிறது என்பது அவருக்கு உள்ளங்கையில் தெரிந்தது. உள்ளே என்ன என்பதைக் காது அல்லவா சொல்ல வேண்டும். நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைத் தங்கமணி கையில் கொடுத்தார். முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் உள்ளே நடப்பது அத்தனையும் கேட்கும்.

"ஆறு அடுப்புன்னு நெனச்சிக்கோ. ஒவ்வொண்ணா கேட்டுச் சொல்லு. மொத அடுப்பு?"

"கடுகு வெடிக்குது."

"ரெண்டாவது?"

"அதுவும் கடுகுதான். எண்ண நல்லா காஞ்சிருக்குது."

"மூணாவது?"

"நல்லாத்தாங்க இருக்குது."

அவர் முகம் கறுத்தது. தங்கமணி அதைப் பார்த்தாள். கொட்டகைக்குள் அத்தனை சத்தத்திலும் அவளுக்கு இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. எல்லா அடுப்பும் நல்லாயிருக்கிறது என்று சொன்னால், இடி கேட்காத மனிதர் வரும் வாரமே மலைப்பாதையில் லாரி ஓட்டுவார். அது ஒன்று. எஞ்சினில் குற்றமில்லை என்றால் குற்றம் தேட அவருக்கு மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். அது இன்னொன்று.

"நாலாவது?"

"டொக்குன்னுது" என்றாள் தங்கமணி.

"எப்படி? நல்லா கேளு."

"டொக்... டொக்... அம்மிக்கல்லு ஆடற மாதிரி."

மகள் பிறந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அப்போது வந்தது. உடனே எஞ்சினை நிறுத்தி ஸ்பேனரை எடுத்தார். அன்று இரண்டு கவளம் சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுபடி பிரித்தார், மாட்டினார். மறுபடி டொக். கழற்றிய பேரிங்குகளைத் துணியில் முடிந்துகொண்டு, கள்ளக்குறிச்சியில் ரவூப்பின் ஸ்பேர்ஸ் கடைக்குத் தங்கமணியோடு போனார். ரவூப் அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இத நீங்க போன மாசம்தான் வாங்கினு போனீங்க. தேய்மானமே இல்ல. மூஞ்சி பாத்து தல வாரலாம்."

தீனதயாளன் கடைக்காரர் உதட்டையே பார்த்தார். "அத வுடு பாய். புதுசு குடு."

ரவூப் தங்கமணியைப் பார்த்தார். தங்கமணி, மேலே தொங்கிய ஃபேன் பெல்ட்டுகளில் ஏதோ எழுதியிருப்பது போல அண்ணாந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மீசையில் கிரீஸ், சோற்றுத் தட்டில் கிரீஸ். சட்டை அவர் மேல் ஆணியில் மாட்டினது போலத் தொங்கியது. எஞ்சினைத் தட்டி, "நீதான்டா. நீதான். ஒத்துக்கினு போயேன்" என்று அவர் பேசுவது சமையலறை வரைக்கும் கேட்டது. தங்கமணிக்கு இன்னொரு கேடும் வந்து சேர்ந்தது. இல்லாத சத்தம் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. உலை கொதிக்கும்போது டொக். தண்ணீர் இறைக்கும்போது டொக். பொய்யைச் சொல்லச் சொல்ல அது உள்ளே குடிவந்து உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

மூன்றாம் முறை மாட்டி முடித்த அன்று காலையில் இருசம்மாள் வந்தாள். பழனியின் பெண்சாதி. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள். தீனதயாளன் கொட்டகையில் முதுகைக் காட்டிக் குந்தி எஞ்சினுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் இருசம்மாள்.

வேப்பமரத்தடி மாடு திரும்பிப் பார்த்தது.

"அண்ணே!"

கோழி சிதறி ஓடியது. தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். தீனதயாளன் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தார். இருசம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் போய் நின்றாள். இன்னொரு தடவை கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்ற தங்கமணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பத்திலேர்ந்து அண்ணி?"

தங்கமணி முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை. "நாலு வருசமா கம்மியாயினே வந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல."

"அவருக்குத் தெரியும்" என்றாள் இருசம்மாள்.

"யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தான். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், கையால தட்னா கேக்காது, இரும்பால தட்டுவேன்னு சொல்வாரு. யார்கிட்டயும் சொல்லாத, பொழப்பு போயிடும்னாரு. நானும் கொஞ்சம்னுதான் நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கும் இரும்பாலதான் தட்டினாராம். மூட்ட தூக்கறவங்க சொன்னாங்க. வுடாம தட்டினாராம். வண்டி கோளாறா இருக்கும், பிரேக் புடிச்சிருக்காதுன்னு நானே அவங்களுக்கு சமாதானம் சொன்னேன். அண்ணன் கோளாறத் தேடினு இருக்காருன்னு கேள்விப்பட்டு, கெடச்சிருக்கும்னுதான் வந்தேன். கெடைக்கணும்னுதான் வந்தேன்."

தீனதயாளன் கேனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியவர் அவளைப் பார்த்துப் பதறி எழுந்தார். ஆயில் கையோடே கும்பிட்டார்.

"வாம்மா. எப்ப வந்த? இன்னிக்குத் தெரிஞ்சிடும்மா. நாலாவதுல கீது, உள்ளாற. இன்னிக்குப் புடிச்சிடலாம்."

பாட்டரி ஒயரைத் தொட்டார். எஞ்சின் கொட்டகையை உலுக்கிக்கொண்டு எழுந்தது. வழக்கம்போல் ஸ்க்ரூ டிரைவரைத் தங்கமணியிடம் நீட்டினார். இருசம்மாள் நடுவில் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு அடுப்பு, இன்னொரு அடுப்பு என்று நகர்ந்து ஆறையும் கேட்டாள். பிறகு தங்கமணியின் காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள்.

"மூணு வளைவு கீழ வர்றப்பவே இந்த சத்தம் எனக்குக் கேக்கும். கேட்டுட்டுத்தான் ஒல வெப்பேன். அதே சத்தம்தான் அண்ணி. ஒண்ணும் மாறல."

"இன்னா சொல்லுது?" தீனதயாளன் இரண்டு பேர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலாவது இன்னா சொல்லுது? டொக்குதானே? தங்கமணி, டொக்குதானே?"

டொக் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னொரு மாதம் ஓடும். ரவூப் இன்னொரு ஜோடி பேரிங் கொடுப்பார். மண்ணெண்ணெய் அண்டாவில் இருக்கிறது. தங்கமணி இருசம்மாளைப் பார்த்தாள். கணவனுக்கு நேரே வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்தாள்.

"டொக்கு இல்லீங்க. எப்பவும் இல்ல. நான்தான் சொன்னேன். எஞ்சின் நல்லாருக்குது. மொதல்லேர்ந்தே நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மூடிய பிறகும் பார்த்தார். பிறகு குனிந்து எஞ்சினை நிறுத்தினார். நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள அதன் தலையில் உள்ளங்கையை வைத்து, நடுக்கம் அடங்கும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

"மூணு வாட்டியும் பேரிங் கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு" என்றார். "பாய் சொன்னது எனக்குப் புரியாமலா? நீ சொல்லிக்கினே இருந்தா நானும் தொறந்துக்கினே இருக்கலாம்னு பாத்தேன்."

எஞ்சினை விட்டுக் கையை எடுக்காமல் இருசம்மாள் பக்கம் திரும்பினார்.

"தட்டினானாம்மா?"

இருசம்மாள் தலையை ஆட்டினாள். அவருக்குப் புரிய அது போதும். அவர் கேட்காமலே இன்னொரு தடவையும் ஆட்டினாள். அதன் பிறகு அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சத்தம் வந்ததா என்பது தங்கமணிக்கு மட்டும் தெரியும்.

தீனதயாளன் கழிவுத்துணியால் விரல் விரலாகத் துடைத்தார். நகக்கண் கறுப்பு போகவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டி, மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார்.

"ஸ்டேஷனுக்குப் போலாம். அன்னிக்கு சொன்னது பொய்யின்னு சொல்லணும். நீயும் வா தங்கமணி" என்றார். "அவங்க கேக்கறது எனக்கு ஒண்ணும் கேக்காது. அவங்க கேக்கறத அப்படியே எனக்குச் சொல்லு. எனக்காக ஒண்ணும் மாத்தாத."

தங்கமணி செருப்பைத் தேடினாள். இருசம்மாளும் கூடவே கிளம்பினாள்.