கோதுமை தொடாத விருந்து

என் வயிற்றுக்குள் இரண்டு நோய்கள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று கிரோன், இன்னொன்று சீலியாக். பெயரைக் கேட்டால் பனி பெய்யும் ஊர் நாவலில் வரும் அண்ணன் தம்பி என்று தோன்றும். மூத்தவர் குடலைப் புண்ணாக்குவார். இளையவர், கோதுமை உள்ளே வந்தால் வீட்டையே கொளுத்துவார். அந்த மாதிரி நாவல்களில் நோயாளிகள் ஜன்னலோரம் சாய்ந்து கைக்குட்டைக்குள் இருமுவார்கள். அவர்களை யாராவது உருகி உருகிக் காதலிப்பார்கள். கழிப்பறை வாசலில் காத்துக்கிடக்கும் காதலியை எந்த நாட்டு நாவலிலும் நான் பார்த்ததில்லை. ஃபிதாவைக் கல்யாணம் செய்த பிறகு வீட்டில் பார்க்கிறேன்.

மட்டாஞ்சேரியில் மாமியார் வீட்டில் புதுமாப்பிள்ளைக்கு விருந்து. மருந்தில் மூத்தவர் கிரோன் இப்போதுதான் அடங்கியிருந்தார். மறுபடி கிளப்பிவிட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வாசலிலேயே ஃபிதா என் காதைக் கடித்தாள்.

"நீங்க ஒண்ணும் திங்கலேன்னா உம்மா கரைஞ்சிரும்."

கொச்சியில் கரைவது என்றால் அழுவது. தின்றால் என் குடல் சுத்தமான தமிழில் கரையும்.

என் பத்தியத்தை ஃபிதா முன்பே சொல்லியிருந்தாள். மாமியார் நசீபா மறக்கவும் இல்லை. மேசையில் வெள்ளைவெளேரென்று பொரோட்டா அடுக்கியிருந்தது.

"கோதம்பு இந்த அடுக்களப் படி ஏறல மாப்ளே. எல்லாம் மைதா!"

"மைதாவும் கோதம்புதான் மாமி."

வழக்கு மாமனார் ஜலீலிடம் போனது. பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவர்.

"அது வேற சாக்கு, இது வேற சாக்கு," என்றார். "கோதம்பு தவிட்டு நெறம். மைதா வெளுப்பு. கண்ணு இருக்கில்ல மருமவனே?"

அறிவியல் அத்துடன் முடிந்தது.

"சுகமில்லாத புள்ளகிட்ட என்ன தர்க்கம்?" என்று மாமியார் பொரோட்டாவை எடுத்துக்கொண்டு போனார். ஆவி பறக்கும் கிண்ணத்தோடு திரும்பினார். "வயித்துக்கு லேசான சாதனம். ரவக்கஞ்சி."

"ரவையும்..."

"அதுவுமா?"

அவர் உதடு துடித்தது. கரையத் தொடங்கிவிட்டார். மேசைக்கடியில் ஃபிதா என் காலை மிதித்தாள். தின்னச் சொல்கிறாளா, தின்னாதே என்கிறாளா? தெரியவில்லை, கல்யாணம் புதிது. கரண்டியை வாய்வரை கொண்டுபோனேன். உள்ளே இளையவர் தீப்பெட்டியைத் தேடுவதுபோல் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

"பழம் போதும் மாமி."

"பழமா? இதோ!" முகம் மலர உள்ளே ஓடினார்.

நிம்மதியாக மூச்சுவிட்டேன். அடுக்களையிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. பிறகு மாவு கரைக்கும் சத்தம்.

பழம்பொரி! மைதாவில் தோய்த்த பழ பஜ்ஜி!

எழுந்து ஓடினேன். கழிப்பறைக்குத்தான் என்று நினைத்து மாமனார் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை நுழையக்கூடாத அடுக்களைக்குள் நுழைந்தேன். மைதாக் கரைசலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த நேந்திரம்பழத் துண்டை மாமியார் கையிலிருந்து பிடுங்கி, நின்றபடியே தின்றேன்.

"ரப்பே! பொரிக்காமலா? இத விருந்துன்னு எப்படி வெளியில சொல்லுவேன்?"

"இன்னொண்ணு குடுங்க மாமி."

 அவர் மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முழுப்பழம் ஒன்றை உரித்தார். அதன்பின் இன்னொன்று.

நாங்கள் கிளம்பும்போது மாமியார் இடக்கொச்சியிலிருக்கும் தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"சுகக்கேடாம்! யாருக்குடி? திங்கிறதுக்கு என்னா கொதி தெரியுமா? பொரிக்கிற வரைக்கும் பொறுக்கல!"